சிரிக்கும் பூதம்

யுத்த காலத்தில் திருநின்றவூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கோயில் கோபுரத்தில் சுதை வேலைக்காக ஒரு சிற்பி வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் சுண்ணாம்பு. ஒரு பொம்மைக்கு முகம் வைக்குமுன் அந்த முகபாவத்தைத் தானே வரவழைத்து, கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்.

என் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்து, எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அவர் வேலையைப் பார்க்கச் சாரத்தில் ஏறினேன். கோபுரத்தைத் தாங்கும் பூதங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம்.

"கீழேயிருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தானே தெரியும்? எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்றேன்.

"பாரம் ஒண்ணுதான் சார். தூக்கறவன் ஒருத்தன் மாரி ஒருத்தன் தூக்கறதில்லியே. இவன் பல்லக் கடிச்சிக்கினு தூக்கறான். இவன் திட்டிக்கினு தூக்கறான். அதோ, அவன் பாரமே இல்லாத மாரி சிரிச்சிக்கினு கீறான். அவன் தோளப் பாருங்க, அதான் எல்லாத்தவிட எறங்கிக் கீது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதேன். அவர் மறுபக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தார்.

என்னைப் பற்றி அவரிடம் யாராவது சொல்லியிருந்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.