வெறும் பெட்ரோல்

ஆமத்தூர் விலக்கில் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் அன்வர் ஒரு தனிப் பிறவி. மொபெட் வந்து நின்றால் மற்றவர்கள், "ஆயிலா, பிளேனா?" என்று கேட்பார்கள். எல்லா ஊர் பங்க்கிலும் அப்படித்தான் கேட்பார்கள். அன்வர் மட்டும், "ஆயில் போட்டதா, வெறும் பெட்ரோலா?" என்பார். "வெறும் பெட்ரோலா? தொட்டுக்கிட ஒண்ணும் இல்லையா பாய்?" என்று கேலி பேசாத ஆள் கிடையாது. அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். முதலாளி அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ம்ஹூம்! வேலையை விட்டாலும் விடுவாரே தவிர, பிளேன் என்ற அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் வாயை மூடத் தெரியாத மனுஷன். சொந்தமாக ஓர் ஆம்னி வேன் வைத்திருந்தார். காலையில் ஆமத்தூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிடுவார். சாயங்காலம் மருந்து வாடையோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். வழி முழுக்க வாயடிதான். மிச்ச நேரமெல்லாம் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். "அந்த வண்டியவே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்ல? என்னைய எதுக்குப் பண்ணுனீக?" என்று மனைவி பல்கீஸ் சண்டைக்கு நிற்பாள். ஊரில் யாரைப் பாம்பு கடித்தாலும், யாருக்கு வலி எடுத்தாலும் கூப்பிடுவது அன்வரைத்தான். சோற்றில் வைத்த கையோடு எழுந்து வருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவர் வேனில் போய்வந்த பெண்களில் ஒருத்தி பத்திரகாளி. பட்டாசுக் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அவள் புருஷன் செல்லச்சாமி அன்வருக்குச் சிறுவயதுக் கூட்டாளி. டேங்கர் லாரி ஓட்டுகிறவன். விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயை ஏற்றிக்கொண்டு போய் மதுரை விமான நிலையத்தில் இறக்குவான். இறக்குவதற்கு முன்னால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, டேங்கரின் அடியிலிருந்து கொஞ்சம் வாளியில் பிடிப்பார்கள். அதை ஒரு கேனில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, லாரிச் சாமான் கழுவ வைத்துக்கொள்வான். விமானத்துக்குப் போடுவது என்றாலும் அது பெட்ரோல் இல்லை, சீமெண்ணெய்க்கு அண்ணன் மாதிரி. பெட்ரோல் வண்டியில் ஊற்றினால் என்ஜின் இருமி இருமிப் படுத்துவிடும்.

"மொபெட்டுக்கு வாங்கி வச்ச கேனும் இதும் ஒரே மாதிரி இருக்கு. யாராச்சும் மாத்தி ஊத்திறப் போறாக. மேல எழுதி வையி" என்றான் பெண்டாட்டியிடம். லோடு ஏற்றுகிற எண்ணெய் டிப்போவில் எல்லாரும் விமானத்தைப் பிளேன் என்பார்கள். அவன் வாயிலும் அந்தப் பேச்சுதான். பத்திரகாளி சிவப்புப் பெயிண்டை எடுத்து அந்தக் கேனில் 'பிளேன்' என்று எழுதினாள். மொபெட் கேனில் 'ஆயில்' என்று எழுதினாள். பாவி மகள், எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

அந்த வீட்டைத் தாண்டினால் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு அர்த்தமே கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் பிளேன் என்றால் லேபிள் ஒட்டாத டப்பா. அச்சாபீசில் கோடு போடாத காகிதம். பங்க்கில் ஆயில் கலக்காத பெட்ரோல். ஆகாயத்தில் போவது அன்வருக்கு ஏரோப்ளேன்தான்.

நூற்றெட்டு ஆம்புலன்ஸெல்லாம் வராத காலம் அது. அந்த வருஷம் லாரி ஸ்டிரைக் வந்தது. பங்க்குகளுக்கு லோடு வரவில்லை. கயிறு கட்டி மூடிவிட்டார்கள். அன்வரின் வேனும் டேங்க் காய்ந்து வீட்டு வாசலில் நின்றது. செல்லச்சாமி தூத்துக்குடிப் பக்கம் எங்கோ டேங்கரோடு மாட்டிக்கொண்டான். அவனிடம் செல்போனும் கிடையாது. பத்திரகாளி அப்போது நிறைமாதக்காரி.

பொழுது சாய்கிற நேரத்தில் செல்லச்சாமியின் அக்கா ஆவுடைத்தாய் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அன்வரு தம்பி! பத்திரகாளிக்கு ரத்தமாப் போகுது. இப்பவே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிருச்சு நர்சம்மா. வண்டிய எடு சாமி!"

"மதினி, வண்டியில சொட்டு பெட்ரோல் இல்லையே! ஸ்டார்ட் ஆகி உங்க வாசலுக்கு வந்தாலே பெரிசு."

"எங்க வீட்டுல கேன் கெடக்குப்பா, செல்லச்சாமி வாங்கி வச்சது. நீ வா மொதல்ல!"

வேன் எப்படியோ அவர்கள் வாசல்வரை வந்து சேர்ந்தது. பத்திரகாளியைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அன்வர் உள்ளே ஓடினார். மூலையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கேன்கள். ஒன்றில் ஆயில், ஒன்றில் பிளேன். ஆமத்தூரில் யாரைக் கேட்டாலும் எதை எடுக்கச் சொல்வார்கள்? தன் வண்டிக்கு ஆயில் கலந்ததை ஊற்றி என்ஜினைக் கெடுக்க அன்வர் என்ன கிறுக்கனா? பிளேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆயில் கேனை எடுத்திருந்தால், புகை தள்ளிக்கொண்டாவது வேன் விருதுநகர் போய்ச் சேர்ந்திருக்கும். அட ஆண்டவனே!

மூடியைத் திறந்ததும் சீமெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அந்த நாளில் பங்க்கில் போடுகிற பெட்ரோலே பாதி அப்படித்தான் நாறும். "கலப்படக்காரப் பயலுக, வெளங்குவானுகளா!" என்று திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார்.

கண்ணாடி வழியாக அதைப் பத்திரகாளி பார்த்துவிட்டாள். எழ முயன்றாள்.

"அண்ணே... அது பிளேனுண்ணே..."

"ஆமா தாயி, பிளேன்தான். பாத்துட்டுத்தான் ஊத்துனேன்."

"இல்லண்ணே... பிளேனு..."

"பிளேன்தான் தாயி. ஆயிலை ஊத்தல. நீ பயப்படாமப் படு, அண்ணன் பறந்து கொண்டுபோறேன்."

அதற்குள் வலி வந்து அவள் பேச்சை அடைத்துவிட்டது. ஆவுடைத்தாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் வேன் ஊரைத் தாண்டியது. கரிசல்காட்டு நடுவில் என்ஜின் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. பின்னால் வெள்ளையாகப் புகை. அன்வர் மிதித்த மிதிக்கு வண்டி இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றேபோனது. சாவியைத் திருகினார், இறங்கித் தள்ளினார், வண்டியில் முட்டிக்கொண்டு அழுதார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. யார் வண்டியில்தான் எண்ணெய் இருந்தது? கடைசியில் ஆலங்குளத்துப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டர் கிடைத்தது. கல்தூசியோடு தூசியாக அவளை டிரைலரில் கிடத்திக் கொண்டுபோனார்கள். பிள்ளையை எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை. பத்திரகாளி போய்விட்டாள்.

அன்வருக்கு அப்போதுகூட ஒன்றும் விளங்கவில்லை. வண்டிதான் துரோகம் பண்ணிவிட்டது என்று நினைத்தார். செல்லச்சாமி வந்து, அழுது ஓய்ந்து, வாசலில் உருண்டு கிடந்த காலிக் கேனைக் கண்டான்.

"ஏலே அன்வரு, இதை எதுல ஊத்துன?"

"வேன்லதான். பிளேனுன்னு எழுதியிருந்துச்சுல்ல?"

"ஏலே, அது ஏரோப்ளேன் எண்ணெய்! ஊத்தக் கூடாதுன்னுதான எழுதச் சொன்னேன்!"

சொன்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு ஏரோப்ளேன் படமாச்சும் போடச் சொல்லாமப் போனேனே! கை நல்லா வருமே அவளுக்கு!"

சுவரோரம் இருந்த ஆவுடைத்தாய், "ஐயோ, அவ சொன்னாளே, ரெண்டு மட்டம் சொன்னாளே!" என்று வாயில் அறைந்துகொண்டாள். அன்வருக்கு அந்தக் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. உயிருக்குப் போராடினவள் தடுத்திருக்கிறாள். அவரோ ஆமா ஆமா என்று சொல்லிச் சொல்லி அவளை அடக்கியிருக்கிறார்.

அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேனை வந்த விலைக்குத் தள்ளினார். பல்கீஸ் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "வேணும்னா செஞ்சீக? அல்லாவுக்குத் தெரியாதா?" என்றாள். அவருக்கு வேறு வேலையும் தெரியாது, பங்க்கில் போய்ச் சேர்ந்தார்.

செல்லச்சாமியும் டேங்கரை விட்டுவிட்டு உள்ளூரிலேயே தங்கிவிட்டான். மொபெட்டில் அந்த பங்க்குக்குத்தான் வருவான். அன்வரின் 'வெறும் பெட்ரோலை'க் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவன். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் மகள் பிரீத்திகாவை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள், அம்மாவின் அதே நெற்றி. செல்லச்சாமி கேட்கும் முன்பே அன்வர் ஆயில் போட்டதைப் பிடிக்க ஆரம்பித்தார்.

"மாமா, பிளேனு!" என்றாள் குழந்தை.

அன்வர் குனிந்தபடியே, "இல்ல தாயி, உங்க வண்டிக்கு ஆயில் போட்டதுதான்" என்றார்.

"இல்ல மாமா! பிளேனு!" அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அன்வர் குழாயை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். குழந்தையின் விரல் போன பக்கம் அண்ணாந்து பார்த்தார். மதுரைப் பக்கமாக ஒரு விமானம் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. செல்லச்சாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆமா தாயி" என்றார் அன்வர். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "பிளேன்தான். மாமா பாத்துட்டேன்."