கைப்பிடியில் கட்டிய சிவப்புத் துணி

எங்கள் நூற்பாலையில் மிஷின்கள் போகத் தொடங்கிய வருஷம், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கோவில்பட்டிக்காரர்களுக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஊருலகத்தையே பேசித் தீர்ப்போம். இதை மட்டும் பேசவில்லை. ஷிப்டுக்குப் போனால், நேற்று நின்ற மிஷின் இருக்காது. தரையில் நாலு போல்ட்டும் கறுத்த எண்ணெய்த் தடமும் கிடக்கும். "சர்வீஸுக்குப் போயிருக்குலே, வந்துரும்" என்பார் மேஸ்திரி. நாங்களும் மாடு மாதிரி தலையாட்டுவோம்.

எனக்கு அங்கே சைடர் வேலை. மிஷின் வரிசையில் ஷிப்டு முழுக்க நடந்து, அறுந்த நூலைப் பிணைத்துவிட வேண்டும். மீசை அரும்பிய வயசில் தொடங்கிய நடை, நாற்பதைத் தாண்டியும் நிற்கவில்லை. மிஷின் போன பிறகும் எங்களில் ஒருவன்கூட அந்தக் காலியிடத்தைக் குறுக்கே கடக்கவில்லை. பழைய சந்திலேயே நடந்து, மிஷின் முனை இருந்த இடத்தில் உடம்பை ஒடுக்கித் திரும்பினோம். ஒருநாள் நானே அப்படித் திரும்புவதைக் கவனித்தேன்.

பிறகு என் மிஷினும் போனது. மிச்ச மிஷின்களில் மாற்றாளாக நடந்தேன். அதை நிறுத்துகிற கைப்பிடி வியர்வையில் வழுக்கும் என்று, மனைவியின் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தேன். ஆயுத பூஜைக்கு அந்தத் துணி மேலேயே குங்குமம் வைப்பது என் வழக்கம்.

அந்த வருஷ பூஜையன்று அவரவர் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். என் கையில் சந்தனம் இருந்தது, மிஷின் இல்லை. என்ன நினைத்தேனோ, குத்தவைத்து உட்கார்ந்து நாலு போல்ட்டுக்கும் பொட்டு வைத்தேன். "ஏலே, கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?" என்று சிரித்தவன்தான், கொஞ்ச நேரத்தில் தன் மிஷின் நின்ற இடத்தில் போய்க் குனிந்தான். சூடம் காட்டும்போது பாதிப் பேர் வெறுந்தரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். எழவு வீட்டில் நிற்பது போலிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கை நிற்கவில்லை.

"வேற எடம் பாருங்க. வேலை போனப்புறம் தேடுனா எவன் மதிப்பான்? பிள்ளையள் படிப்பு பாதில நின்னுரக்கூடாது" என்றாள்.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் வாய்மூடி இருந்தால் அவர்களும் பசைச் சட்டி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

வார லீவு நாளில் தேடக் கிளம்பினேன். தீப்பெட்டி ஆபீஸில் "மில்லுக்காரரா? காது கேக்குமா அண்ணாச்சி?" என்று கத்திக் கேட்டார்கள். கேட்கிறது என்று, மில் இரைச்சலில் பேசிப் பழகிய குரலில் நானும் கத்தினேன். அதோடு முடிந்தது. லாரி செட்டில் ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் கயத்தாறு பக்கம் புது மில் வந்திருப்பதாக மச்சினன் சொன்னான். பஸ் ஏறிப் போனேன். ஆளரவமற்ற கரிசல் காட்டுக்கு நடுவே, நண்பகல் வெயிலில், வெள்ளையாக ஒரு கொட்டகை நின்றது. இரைச்சல் மட்டும் வெளியே வந்தது.

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். "ஆம்பளையள எடுக்கதில்லையே அண்ணாச்சி. சுத்துப்பட்டிப் பிள்ளையள வேன்ல கூட்டியாந்துருதோம்" என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார் போல. "மேனேஜர்ட்ட எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன், இங்கன நில்லுங்க" என்று உள்வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்.

நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். புது மிஷின்களுக்கு நடுவே பழசு ஒன்று நின்றது. கைப்பிடியில் சிவப்புத் துணி. குங்குமக் கறை அப்படியே இருந்தது.

என் கால் தானாக நடந்தது. பக்கத்தில் போய், உடம்பை ஒடுக்கித் திரும்பி, நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, துணியை நோக்கிக் கையை நீட்டினேன். சர்வீஸுக்குப் போன மிஷின் எனக்கு முன்னாலேயே வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டது. கோபத்தில் கண் எரிந்தது.

அதை ஓட்டிய பெண்ணுக்கு என் மூத்த மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். பதறிப்போய் ஓடிவந்து என் காதருகே கத்தினாள்.

"அதைத் தொடாதீங்க அண்ணாச்சி! காப்புத் துணி."

"காப்பா?"

"ஆமா. இதை ஓட்டுன ஆளு செத்துப்போயிட்டாவளாம். அதாம் மிஷினை வித்துட்டாவன்னு சொல்லுதாவ. நிப்பாட்டுனாலும் ஒடனே நிக்காது, கொஞ்ச நேரம் தானா ஓடும். அவிய கைதான் ஓட்டுதுன்னு துணியை யாரும் அவுக்கல. நாங்க வெள்ளிக்கெழமை பொட்டு வச்சுக் கும்பிடுதோம்."

பிரேக் தேய்ந்துபோன மிஷின் அது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் மில் தரையில் நான் பொட்டு வைத்த நாலு போல்ட்டும் கண் முன்னால் வந்தன.

தூரத்தில் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, இல்லை என்று கையை விரித்தார்.

அவள் மிஷின் மேல் ஒரு கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள். "அந்த ஆளை ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் தாயி. சாகல. வேலை தேடிட்டு இருக்கான்" என்றேன்.

அவள் என்னையும் துணியையும் மாறிமாறிப் பார்த்து, மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.