எழுந்தவர் அவுட்

என் கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மச்சாண்டார் என்போம். எங்கள் மச்சாண்டார் சென்னைக்கு இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவள மேலாளர். இந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது என்பதை, கேட்பவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி சொல்லத் தெரிந்தவர். சனிக்கிழமை இரவு திண்டிவனத்துக்கு வருவார்; திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். நடுவில் கிடைக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டிலிருக்கும் எங்கள் ஆறு பேரையும் அவர் திருத்தியாக வேண்டும்.

ஆறு பேர் என்றால் மாமனார், மாமியார், என் கணவர், நான், எங்கள் மகள், அப்புறம் மச்சாண்டாரின் மனைவி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமனாரும் என் கணவரும் ஊருக்கு வெளியே இருக்கும் நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறார்கள். நான் தினமும் பஸ் பிடித்து விழுப்புரம் போய், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் "அவ வீட்லதான் இருக்கா, சும்மா" என்பார் மச்சாண்டார். விடியலில் பால் பாக்கெட்டை வெட்டுவதில் தொடங்கி, கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அக்கா சும்மா இருப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கூட நின்று நானும் கொஞ்சம் சும்மா இருந்திருக்கிறேன்.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் மச்சாண்டாரைப் பாண்டிச்சேரிப் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். குடும்ப உறவுகளை வலுப்படுத்துவது எப்படி என்பதுதான் முகாமே. குடும்பத்தை அழைத்துக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்களாம். அவர் தனியாகப் போய்வந்தார். அங்கே பேசியவர், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத குடும்பத்தில் பாசம் தங்காது என்றாராம். அதைக் கேட்டு மச்சாண்டார் அழுதாராம். அழுததை அவரேதான் வந்து சொன்னார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேஜை வந்து இறங்கியது. கூடவே ஆறு நாற்காலி.

"ஏழு பேரு இருக்கோமே, பெரியப்பா" என்றாள் என் மகள்.

"பரிமாற ஒருத்தர் நிக்கணும் இல்லியா?" என்றார் அவர். அந்த ஒருத்தர் யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரிமாற ஒருத்தர், அடுப்பில் ஒருத்தர் என்று ஆனதில் ஒரு நாற்காலி மீதியே விழுந்தது. அதில் மாமனார் துண்டைப் போட்டுவைத்தார்.

இனி ஞாயிறு இரவு யாரும் டிவி முன்னால் தட்டோடு உட்காரக் கூடாது. போனைத் தொடக் கூடாது. எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து, விளையாடிக்கொண்டே சாப்பிட வேண்டும். விளையாட்டுகளை அவர் முகாமிலிருந்து கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் வாரம் சொல் சங்கிலி. ஒருவர் ஒரு சாப்பாட்டுப் பண்டத்தின் பெயரைச் சொன்னால், அது முடியும் எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மச்சாண்டார் சிரித்த முகத்தோடு "இட்லி" என்று ஆரம்பித்தார். அடுத்தது மாமனார்.

"லி-ல இன்னாடா இருக்குது?"

"யோசிங்கப்பா. அதான் கேமு."

மாமனார் குழம்பைப் பிசைந்த கையோடு யோசித்தார். "லிட்டரு" என்றார்.

"அது சாப்பாடா?"

"பாலு இன்னா படியிலயா வருது? லிட்டர்லதான வருது."

பெற்ற தகப்பனை முதல் வாரமே வெளியேற்ற முடியாமல் மச்சாண்டார் ஒத்துக்கொண்டார். அடுத்த எழுத்து 'ரு' இல்லை, 'ர்' என்று ஒரு தீர்ப்பு வேறு சொன்னார். என் கணவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இத்தக் கண்டுபுடிச்சவனுக்குத் தமிழ் தெரியாது போலக்குதுண்ணா" என்றார். என் மகள் நாய் உறுமுவதுபோல "ர்ர்ர்" என்றாள். குழம்பு ஆறிப்போனதோடு அன்றைய பாசம் முடிந்தது.

இரண்டாவது வாரம் காதில் சொல்லும் விளையாட்டு. ஒருவர் ரகசியமாக ஒரு வாக்கியம் சொல்ல, அது காதுக்குக் காது போய்க் கடைசி ஆளிடம் என்னவாகிறது என்று பார்ப்பது. "வர்ற வாரம் இரும்பை கோயிலுக்குப் போலாம்" என்று மச்சாண்டார் மாமனாரின் காதில் சொன்னார். மாமனாருக்கு ரகசியம் என்றால் என்னவென்று தெரியாது. மாமியாரின் காதருகே குனிந்து அவர் அதைச் சொன்னது தெருமுனைவரை கேட்டிருக்கும். ஆனாலும் மாமியாரிடமிருந்து என் கணவருக்கும், அவரிடமிருந்து மகளுக்கும் போய், கடைசியில் கரண்டியோடு நின்ற என் காதுக்கு வந்து சேர்ந்த வாக்கியம் இது: "சின்னவ வெச்ச கொழம்புல உப்பு ஜாஸ்தி."

மச்சாண்டார் கை தட்டிச் சிரித்தார். பார்த்தீர்களா, தகவல் எப்படித் திரிகிறது என்று விளக்கினார். இன்னொரு வாக்கியம் அனுப்பினார். அது என்னவாகப் புறப்பட்டதோ, எனக்கு வந்தது இப்படி: "நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

மூன்றாவது வாரம் பக்கத்தில் இருப்பவரைப் பாராட்ட வேண்டும். மாமனார் என் கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் குடிக்கிறதில்ல" என்றார். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சி" என்று சேர்த்துக்கொண்டார். மச்சாண்டார் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலி. அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலியிடமே, "என் வைஃப் ரொம்ப அட்ஜஸ்டபிள்" என்றார். பாராட்டு வீணாகக் கூடாதென்று என் மகள் சமையலறைக்கு ஓடினாள். அவளோடு திரும்பி வந்தது அக்காவின் குரல் மட்டும்தான்: "டேபிள் ஃபேன் அட்டப்பொட்டியில போட்டிருக்குமே, அதுவா?"

அன்றைக்கு மச்சாண்டாருக்குக் கோபம் வந்துவிட்டது. விளையாட்டுக்கு நடுவே நாங்கள் எழுவதும் ஓடுவதும் தோசையோடு வருவதுமாக இருந்தால் ஃப்ளோ எங்கிருந்து வரும் என்று கேட்டார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை விதிமுறையோடு வந்தார்.

"ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் சேரை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. எழுந்தவங்க அவுட். கடைசி வரைக்கும் உக்காந்திருக்கறவங்கதான் வின்னர்."

மேஜையின் தலைமாட்டில் ஒரு தாங்கியை வைத்து அதில் தன் போனை மாட்டினார். போன் கூடாது என்றீர்களே என்று மகள் கேட்டதற்கு, இது போன் இல்லை, கேமரா என்றார். எங்கள் பாசத்தைப் படம் எடுத்து ஆபீஸ் குழுவில் போடப்போகிறாராம்.

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டார். "யாருமே எழுந்திரிக்கக் கூடாதா?"

"யாருமே."

"நானுமா?"

"நீயும்தான். ஜல்தி வா, ரெக்கார்ட் ஓடிக்கினு இருக்குது."

அக்கா உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மச்சாண்டாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மேஜையைச் சுற்றி ஏழு பேரும் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜையில் சட்னி இருந்தது, தண்ணீர் இருந்தது, காலித் தட்டுகள் இருந்தன. மாவு உள்ளே தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆட்டம் சந்தை ஆட்டம். வளவனூர் சந்தைக்குப் போய் என்ன வாங்கினோம் என்று ஒவ்வொருவரும் ஒரு சாமானைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முன்னால் சொன்னது எதுவும் விட்டுப்போகக் கூடாது. கத்தரிக்காய் வாங்கினோம், வெண்டைக்காய் வாங்கினோம், கருவாடு வாங்கினோம். ஒரு சுற்று நன்றாகவே போனது. மாமியார்கூடச் சிரித்தார். பிறகு மச்சாண்டார் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, "சரி, தோசை வரட்டும்" என்றார்.

யாரும் அசையவில்லை.

"தோசை" என்றார் மறுபடியும், அக்காவைப் பார்த்து.

"எழுந்தா அவுட்டுன்னீங்களே."

"அது ஆட்டத்துக்குச் சொன்னது. நீ போய் ரெண்டு தோசை ஊத்தி எடுத்துக்கினு வந்து உக்காரு. அது கணக்குல வராது."

"ஏன் வராது? நான் எழுந்திரிச்சா மட்டும் அது எழுந்திரிச்சதா ஆவாதா?"

அக்கா இதைச் சண்டைக்காரக் குரலில் சொல்லவில்லை. விதிமுறையில் சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார். மச்சாண்டார் கேமராவைப் பார்த்தார். ஊழியர்களிடம் பேசும் சிரிப்பு முகத்துக்கு வந்தது. அடுத்து என்னைப் பார்த்தார். "எனக்கும் ஜெயிக்கணும், மாமா" என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மாமியார் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்தார். "அத்த, நீங்கதான் இதுவரைக்கும் ஒண்ணுகூட மறக்காம சொல்லிக்கினு வர்றீங்க. எழுந்தா போச்சு."

மாமியார் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த அம்மாவுக்குள் இப்படி ஒரு வீராங்கனை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "உம், சொல்லு. யாரு முறை?"

மாமனார் முறை. "வளவனூர் சந்தைக்குப் போனேன். கத்திரிக்கா வாங்கினேன், வெண்டக்கா வாங்கினேன், கருவாடு வாங்கினேன், தோசை வாங்கினேன்."

"சந்தையில தோச விக்கிறானா?" என்றார் மாமியார்.

"வூட்ல கெடைக்கலன்னா சந்தையிலதான் வாங்கணும்."

மாமனார் சர்க்கரைக்காரர். சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரையை அப்போதே போட்டிருந்தார். மருமகள்களை ஒரு முறை பார்த்தார், மூத்த மகனை ஒரு முறை பார்த்தார். "போங்கடா நீங்களும் உங்க ஆட்டமும்" என்று எழுந்தார். "தாத்தா அவுட்!" என்று என் மகள் கத்தினாள்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"லைட்டரு எங்கடி?"

"அங்கதான்" என்றார் மாமியார், இருந்த இடத்திலிருந்தே.

"அங்கன்னா எங்க?"

"எப்பவும் இருக்கற எடத்துல."

அது எந்த இடம் என்று தெரிந்த ஆண்பிள்ளை அந்த வீட்டில் இல்லை. என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, அப்பா பாவம் என்று சொல்லி எழுந்தார். அவரும் அவுட். லைட்டர் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குவதை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கரிந்த வாசனை வந்தது.

"கல்லுல ஒட்டிக்கினு வரமாட்டேங்குது!" இது என் கணவர்.

ஆண்களில் மிச்சம் மச்சாண்டார் ஒருவர்தான். விதிமுறை அவருடையது, கேமரா அவருடையது, நெற்றியில் வியர்வையும் அவருடையது.

"ஏங்க, உள்ள ரெண்டு பேரு கஷ்டப்படறாங்க. போய் ஹெல்ப் பண்ணலாமில்ல?" என்றார் அக்கா.

"நீ போலாமில்ல?"

"நான் போனா அவுட் ஆயிடுவேனே."

புகை கூடத்துக்கு வந்தது. மாமனார் இருமினார். மச்சாண்டார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். "பேஜாரு" என்று அவர் முணுமுணுத்தது கேமராவிலும் பதிவாகியிருக்கிறது.

பிறகு தோசை வந்தது. ஒன்று கிழிந்து, ஒன்று மடிந்து, ஒன்று மூன்று துண்டாக. மச்சாண்டார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொண்டுவந்து வைத்தார். மாமியார் பிட்டுப் பார்த்து, "நடுவுல வேகல" என்றார். மிச்சம் வைக்காமல் தின்றார். "இன்னொண்ணு. இது முறுவலா." இப்படிக் கேட்பதற்கு அவர் எவ்வளவு காலம் காத்திருந்தாரோ.

அக்கா எதுவும் கேட்கவில்லை. வந்ததைச் சாப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் தின்ற பிறகு, ஆறின கல்லில் கடைசி மாவை ஊற்றித் தின்றவர். கை சுடுகிறதென்று விரலை ஊதிக்கொண்டார். "சூடா இருக்குது" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நான் சட்னிக் காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் புரட்சி ஒன்றும் வெடிக்கவில்லை. விடியலில் அக்காதான் பால் பாக்கெட்டை வெட்டினார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். மச்சாண்டார் வீடியோவைக் கத்தரித்து, காலித் தட்டுகளின் முன்னால் நாங்கள் ஏழு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும் முதல் பகுதியை மட்டும் ஆபீஸ் குழுவில் போட்டார். அழகான குடும்பம் என்று மேலதிகாரி பாராட்டினாராம். அடுத்த ஞாயிறு கம்பெனியில் அவசர வேலை என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அவசரம். மாமியார் போன் போட்டு, "இன்னாடா, அந்த உக்கார்ற ஆட்டம் எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த மாதக் கடைசியில் வளவனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமியார் தான் ஜெயித்த கதையைச் சொந்தக்காரப் பெண்களுக்குச் சொன்னார். அவர் சொன்ன கதையில் நாங்கள் இரண்டு மருமகள்களும் பாதியிலேயே அவுட். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்திருந்த சின்ன மாமியார், மச்சாண்டாரின் சித்தி, பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு விதிமுறைகளை ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மச்சாண்டார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில் திருவெண்ணெய்நல்லூர் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்கெல்லாம் கேட்டது.

"இன்னாடா ஆட்டம் சொல்லிக் குடுத்து அனுப்பிச்ச? உங்க சித்தி நேத்து ராத்திரிலருந்து சேரை வுட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறாடா!"