பங்கருக்குள் தொங்கிய குழாய்கள்

காலை ஆறேகாலுக்கு மகளின் உதடு நீலமாகத் தொடங்கியது. மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒட்சிசன் முகமூடி போட்டபடியே நீலமானாள். வீட்டில் இருந்ததைவிட அங்கே வந்த பின்தான் மோசமானாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், இருந்தும் அடுத்த அறையில் இருமினால் எழுந்துபோய் அவள் உதட்டைப் பார்க்கிறேன்.

முகமூடியைத் தூக்கினேன். நனைந்த சாக்கின் மணம். குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உட்புறமெங்கும் கறுப்புப் புள்ளிகள். பழைய பாணில் பூக்கும் அதே பூஞ்சணம். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பங்கசு படிப்பிக்கிறவள் நான். என் பிள்ளை அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தாள்.

தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தினமும் கழுவுவதாகவும், சவர்க்காரம்கூடத் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவதாகவும், என்ன செய்தாலும் திரும்பத் திரும்ப வருவதாகவும் சொன்னார். வேறு குழாய் கேட்டேன். போரால் பாதை பூட்டியதிலிருந்து மருந்தும் சாமானும் கப்பலில்தான் வருகின்றன, அந்தக் கப்பலும் வந்து மாதக்கணக்காகிறது என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்தார். அதிலும் புள்ளி. பக்கத்துக் கட்டிலில் குழந்தையோடு இருந்த குருநகர் மீனவப் பெண் சிரிக்காமல் சொன்னாள்:

"எங்கடை கருவாடு இப்பிடிப் பூத்தால் நாய்க்கும் போடமாட்டம் ரீச்சர். இஞ்சை பிள்ளையளுக்குப் போடுகினம்."

மிஸ்ஸி பதில் சொல்லுமுன் வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு எல்லோருடனும் முற்றத்தில் பதுங்குகுழியாக வெட்டிய பங்கருக்குள் ஓடினேன். உள்ளே ஈரம் காலில் ஒட்டியது. தலைக்கு மேல், பனங்குற்றியில் அடித்த ஆணிகளில், கழுவிய குழாய்களும் முகமூடிகளும் நீர் சொட்டத் தொங்கின. மண்மூட்டைகளில் அதே கறுப்பு, அதே மணம்.

மிஸ்ஸியின் கையைப் பிடித்து உலுக்கினேன். இதற்குள்ளா காயப்போடுகிறீர்கள் என்று கத்தினேன்.

"போனமுறை குண்டு விழேக்கை மேலை இருந்த சாமான் எல்லாம் நொறுங்கிப்போச்சு," என்றார் அவர். "இதுகளும் போனால் உங்கடை பிள்ளைக்கு எதாலை குடுக்கிறது?"

அவர் சொன்னது சரி. அதனால் கோபம் இன்னும் கூடியது. குண்டிலிருந்து காப்பாற்றவென்று இறக்கி, பூஞ்சணத்துக்குத் தீனியாக்கியிருந்தார்கள். யாரைத் திட்டுவது? மேலே பறந்தவனுக்கு என் குரல் கேட்காது.

விமானம் போனதும் விறகடுப்பில் பெரிய பானை வைத்து, மிஸ்ஸியும் நானும் குழாய்களை அவித்தோம். மணம் போனது. கறுப்புப் போகவில்லை. மகளின் நெஞ்சு குழிவிழுந்து குழிவிழுந்து எழுந்தது.

மத்தியானம், வேறோர் ஊரில் சத்திரசிகிச்சை முடித்துவிட்டு டொக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைக்கவும் இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுத்தவற்றை, இனி ஒருவரும் எடுக்காதபடி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினார். இரண்டுதான் மிஞ்சின.

"கறுத்ததைக் கழுவிப் பிரயோசனமில்லை. இதுகளை அவிச்சு, வெயிலிலை நல்லாக் காயவிடுங்கோ. சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது. பிறகு பிஸ்கற் தகரத்துக்குள்ளை இறுக்கி மூடி, அந்தத் தகரத்தைப் பங்கருக்குள்ளை வையுங்கோ. ஒட்சிசன் போற போத்தல் தண்ணியும் ஒவ்வொருநாளும் கொதிச்சாறினதா மாத்தவேணும்."

"என்ரை பிள்ளையின்ரை நெஞ்சுக்குள்ளை போனதுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

அவர் மகளின் முதுகில் காதுக்குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்கு மருந்து இருக்கு ரீச்சர்," என்றார். "கப்பல் வந்தால் தாறன்."