அபியூஸும் மூடி வைத்த தட்டும்

ஆயுளின் பெரும்பகுதியை ஆங்கிலம் படிப்பித்துக் கழித்தவள் நான். அபியூஸ் என்ற சொல்லை எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றைத் தவறான வழியில் பயன்படுத்துவது, வாயில் வந்தபடி ஏசுவது, அடித்து வதைப்பது, எதிர்க்க ஏலாதவரிடம் அத்துமீறுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அது அதிகாரத்தோடும் சேரும், போதைப்பொருளோடும் சேரும், குழந்தையோடும் சேரும். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்துப் பொருள் கொள்ளவேண்டும் என்று சொல்லி, விளங்காத பிள்ளைகள்மீது எரிந்து விழுந்திருக்கிறேன். முதியவர் என்ற சொல்லின் பக்கத்தில் அது வந்து நிற்கும் என்று அந்நாட்களில் நான் யோசித்ததில்லை. நானும் அப்போது முதியவள் இல்லை.

சென்ற வருடம் ஒருநாள் ஒரு அலுவலகத்திலிருந்து என் மகளின் பள்ளித் தோழி தொலைபேசியில் கதைத்தாள். முதியோருக்கு ஒரு கருத்தரங்கு நடக்கப்போகிறது, கொழும்பிலிருந்து வரும் பெண்மணி ஆங்கிலத்தில் பேசுவார், அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றாள்.

“டீச்சர், உங்களுக்கு ஏலுமே?”

“ஓம், வாறன்” என்று அவள் மூச்சு விடுமுன் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். ஆனால் ஒரு காலைப்பொழுது முழுவதும் மனிதரோடு கதைக்கக் கிடைக்கிறது என்பதுதான் என் மனதில் நின்றது.

என் நிலைமையைச் சொல்லவேண்டும். பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழமை. நாங்களும் கொடுத்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை இல்லை, என் தாயும் எனக்கு அப்படித்தான் தந்தார். என் கணவர் காலமானபிறகு, “உங்களுக்கு அமைதியா இருக்கும் அம்மா” என்று மகளும் மருமகனும் பின்பக்க அறையை வெள்ளையடித்துத் தந்தார்கள். அமைதிக்குக் குறைவில்லை. யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டுக் கடல் தெரியும். மத்தியானத்தில், எங்கள் ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து பின்படலைக் கதவில் மூக்கை வைத்து வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும். நான் அவற்றோடு கதைப்பேன். சில நாட்களில் என் குரலை நான் கேட்பதே அப்போதுதான்.

மகளைக் குறை சொல்ல ஏலாது. பிரஷர் குளிசை முடியுமுன் அடுத்த பெட்டி வந்துவிடும். சாப்பாடும் நேரத்துக்கு வரும். தட்டை இன்னொரு தட்டால் மூடி, கதவடியில் இருக்கும் சின்ன மேசையில் வைத்துவிட்டுப் போவாள், கையில் எப்போதும் தொலைபேசி. எங்களுக்குள் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். கதை மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போனது. எதற்காக என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கருத்தரங்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் நிறைந்திருந்தன. ஈச்சிலம்பற்றிலிருந்துகூட விடியவே பஸ் ஏறி வந்திருந்தார்கள். கொழும்புப் பெண்மணி எடுத்த எடுப்பில் அபியூஸ் என்றார். நான் அகராதிக்காரியாக “துஷ்பிரயோகம்” என்றேன். சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு ஐயா எழும்பிவிட்டார்.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? அது பேப்பரில சின்னப் பிள்ளையளுக்கு நடந்தது எண்டு போடுற அசிங்கம். எங்கட பிள்ளையள் அப்பிடிப்பட்டதுகளே?”

அவரில் பிழையில்லை. பத்திரிகைகள் அந்தச் சொல்லை ஒரே இடத்தில் வைத்துப் புழங்கியதில் அதற்கு வேறு பொருளே இல்லாமல் போய்விட்டது. “கொடுமை” என்று மாற்றினேன். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, அடிக்கிற மருமக்களைப் பற்றியும் குடிக்கிற மகன்மாரைப் பற்றியும் கதைத்தார்கள். எல்லாம் அடுத்த வீட்டுக் கதைகள். மனதை நோகப்பண்ணுவதும் அபியூஸ்தான், கவனிக்காமல் விடுவதும்தான் என்று அந்தப் பெண்மணி சொன்னார். அதைச் சொன்னேன். எல்லா முகங்களும் கல்லுப்போல இருந்தன. வகுப்பில் விளங்காத முகங்களைக் கண்டால் எனக்கு வருகிற கோபம் அன்றைக்கும் வந்துவிட்டது. அவர் சொல்லாத ஒன்றை நானாகச் சொன்னேன்.

“கேளுங்கோ. சோத்தை மூடி வைச்சிட்டு, ‘சாப்பிடுங்கோ’ எண்டு ஒரு சொல் சொல்லாமல் போறது. பகையாளி வீட்டுக்கு வந்தாலும் நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. நாய்க்கு வைக்கேக்கையும் ‘இந்தா’ எண்டு சொல்லுவம்.”

மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்மணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னார்: “எங்கட ஊட்டயும் அப்பிடித்தான் டீச்சர். வா எண்டும் இல்ல, போ எண்டும் இல்ல.” பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். சாம்பல்தீவு ஐயா மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் என்ன சொன்னேன் என்று கொழும்புப் பெண்மணி கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அருமையான உதாரணம் என்று மெச்சினார். இந்த மண்டபத்தில் யாருக்கெல்லாம் இப்படி நடக்கிறது, கையை உயர்த்துங்கள் என்றார். அதையும் தமிழில் நான்தான் கேட்டேன். நிறையக் கைகள் உயர்ந்தன. என் கையில் மைக் இருந்தது.

மகளின் தோழி பின்வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நல்ல பிள்ளை. அவள் அக்கறையில்தான் மகளிடம் சொல்லியிருப்பாள். அன்று பின்னேரம் மகள் என் அறைக்குள் வந்தாள். வந்து கதிரையில் இருந்தாள். அந்தக் கதிரையில் அவள் இருந்து எவ்வளவு காலம்!

“என்னைப் பற்றி ஊர் முழுக்க என்ன கதைச்சனீங்கள்?”

“உன்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை, பிள்ளை.”

“நாயிலும் கேவலமா உங்களை வைச்சிருக்கிறன் எண்டு மைக்கில சொன்னனீங்களாம். வேலைக்கும் போய், பிள்ளையளையும் பார்த்து, உங்களுக்கும் சமைச்சு வைக்கிறன். அதுக்குப் பேர் அபியூஸே அம்மா?”

அழுதாள். ஏசினாள். எப்போதோ நான் அவளுடைய ஆங்கிலத்தைச் சபைநடுவில் திருத்தியதைக்கூட எடுத்துச் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நெடுநாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏசட்டும், எழும்பிப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். பதில் சொன்னால் முடித்துவிடுவாளோ என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன். பேரன் முன்பக்கத்திலிருந்து “அம்மா” என்று கூப்பிட்டான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தட்டு வந்தது. வைத்துவிட்டு நிமிர்ந்து, “சாப்பிடுங்கோ” என்றாள். ஒரு சோறு மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அடுத்த வேளையும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை. ஒரே குரல், ஒரே சொல், முகம் சுவரைப் பார்த்தபடி. அந்தச் சொல் முடியும்போது அவள் பாதி தூரம் போயிருப்பாள். நான் மண்டபத்தில் சொன்ன உதாரணத்தில் இனி அவளைக் கொண்டுபோய் வைக்க யாராலும் ஏலாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்போல அவள் அதைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

நேற்று மத்தியானம் துணிந்து பின்னால் கூப்பிட்டேன்.

“நீ சாப்பிட்டிட்டியே, பிள்ளை?”

நடையில் செருப்புச் சத்தம் நின்றது.

“என்ன அம்மா? ஏதும் குறையே?”

“இல்லை” என்றேன். “ஒரு குறையும் இல்லை.”