மகளுக்கு வைத்த சோப்பு

விடுமுறைக்கு வருகிறவர்கள் நாலு நாள் தங்கிப் போகிற வாடகை வீடுகளுக்குச் சாமான் வைப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். உப்பு, சர்க்கரை, டீத்தூள், பாத்திரம் தேய்க்கிற நார், குப்பைப் பை, கழிவறைக் காகிதம், சோப்பு, தீப்பெட்டி. இதில் ஒன்று குறைந்தாலும் வந்தவன் முகம் கோணிவிடும், வீட்டுக்கும் கெட்ட பெயர். ஒரு தெரு முழுக்க இருந்த அப்படிப்பட்ட வீடுகளைக் குறைவில்லாமல் நிரப்பி வந்தவர் ஒரே மனிதர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிறைகுடம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவர் தளும்பாத நாளே கிடையாது.

“எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? கைநாட்டு ஆளு நான். இன்னைக்கு இந்தத் தெருவோட சாவி பூராவும் யார் இடுப்புல தொங்குது?” என்பார்.

“சாவிதானேண்ணே தொங்குது, வீடு தொங்கலையே,” என்பாள் துணி வெளுக்கிறவள்.

“வாயை மூடிக்கிட்டுத் துண்டை மடி.”

பெருமை சும்மா வந்துவிடவில்லை. அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முன்னால் ஒருவன் இந்த வீட்டில் இருந்தான் என்பது அடுத்து வருகிறவனுக்குத் தெரியவே கூடாது. சோப்பு உறை பிரியாமல் இருக்க வேண்டும், உப்புப் பொட்டலம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். ஒருவர் காலி செய்ததும் பாதி தேய்ந்தது, பாதி தீர்ந்தது எல்லாவற்றையும் வாரி மூட்டையில் கட்டிவிடுவார். “உங்க கையில விட்டா எனக்குக் கவலையே இல்ல,” என்று அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மாவே சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காக நிறைகுடம் உயிரையே கொடுப்பார்.

அந்த மூட்டை போய்ச் சேருகிற இடம் அவர் வீடு. யார் யாரோ தேய்த்த சோப்புத் துண்டுகளை ஊற வைத்து உருட்டி ஒரே உருண்டையாக்குவார். நாலு நிற ஷாம்பூவும் ஒரே புட்டியில் கலந்து கிடக்கும். “நம்ம வீட்டுல சோப்புக்குன்னு கடைக்குப் போனதே இல்ல,” என்பது அவர் மார்தட்டல். அதைத் தேய்த்துக் குளித்துத்தான் ஒரே மகள் வளர்ந்தாள். “இன்னைக்கு யார் வாசனைடி உன்மேல?” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்பார்களாம். அழுதுகொண்டு வந்து சொன்னதற்கு, “வாசனையா இருக்குன்னுதானே சொல்றாங்க, அதுல என்ன?” என்று சிரித்தவர் அவர்.

மகள் கல்யாணமாகித் தொலைவில் போய்விட்டாள். வருவது அரிதாகி, பிறகு போன் பேச்சோடு நின்றது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போகிறவளுக்கு இருந்தது ஒரே ஆசை, மகள் பக்கத்தில் வந்து குடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வழியும் பிறந்தது. மாப்பிள்ளைக்கு இந்த ஊரிலேயே ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. குடும்பத்தோடு வந்து ஊரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

நிறைகுடத்தின் வீடு ஒற்றை அறை. வீட்டுக்காரம்மா தாராள மனசுக்காரர். “மாடி வீடு சும்மாதானே இருக்கு, பொண்ணை அங்க தங்க வைங்க. சாமான் எல்லாம் நம்ம ஸ்டோர் ரூம்லருந்தே எடுத்து வைங்க,” என்றார். ஸ்டோரில் புதுச் சோப்பு பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. நிறைகுடம் அதைத் தொடவில்லை. வீட்டு மூட்டையிலிருந்து எடுத்து வைத்தார். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காசு கொடுத்து வருகிறவன் விருந்தாளி. பெற்ற பெண் விருந்தாளியா? உறை பிரிக்காத சோப்பை அவளுக்கு நீட்டினால் அவளை ஊரார் கணக்கில் சேர்த்த மாதிரி ஆகிவிடாதா? அவருக்கு அப்படித்தான் பட்டது.

வந்த அன்று அவரே கதவைத் திறந்துவிட்டார். “எப்படி மாப்பிள்ளை, மாமனோட ராஜாங்கம்?” என்று அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். குழந்தைக்குக் கை கழுவிவிட உள்ளே போன மகள், ஈர உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது.

“இது என்னப்பா?”

“சோப்பும்மா. நம்ம வீட்டுது.”

“முன்பின் தெரியாதவன் வந்தா புதுசு வைப்பீங்க. எனக்கு இதுவா?”

“நீ என்ன விருந்தாளியா?”

“ஒரு நாளாவது விருந்தாளியா நினைச்சிருக்கலாமேப்பா.”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவரும் கத்தித் தீர்த்திருப்பார். மாப்பிள்ளை எழுந்து செருப்பை மாட்டினார். “விடு, நான் வாங்கிட்டு வந்துடறேன். மாமா, இங்க சோப்பு எங்க கிடைக்கும்?”

தெரு முழுக்கச் சோப்பு வைக்கிறவரைப் பார்த்து அந்தக் கேள்வி. மாப்பிள்ளை குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நிறைகுடம் ஸ்டோருக்கு ஓடி ஒரு பெட்டியையே தூக்கி வந்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். “முக்குல திரும்பினா கடை,” என்றார்.

மறுநாள் மகள் அம்மாவைப் பார்க்க வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த டீயைக் குடித்தாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அம்மா மகிழ்ச்சியில் பேசிக்கொண்டே போனாள், வலியைச் சொன்னாள், ராத்திரி தூக்கமில்லாததைச் சொன்னாள். “எப்படியும் இந்தப் பக்கம் வந்துடுவீங்கதானே?” என்று கேட்டாள். “அவருக்கு அந்த வேலை ஒத்து வராதும்மா,” என்றாள் மகள். சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள்.

காலி செய்த வீட்டுக்கு நிறைகுடம் போனபோது, அவர் வைத்ததெல்லாம் ஒரு பையில் கட்டிக் கதவோரம் வைத்திருந்தது. உப்புகூடத் தொடப்படவில்லை. அடுத்த விருந்தாளி வருகிற நேரம் ஆகியிருந்தது. சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன்.

“என்னங்க, அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“என்ன சொல்லுவா? ஒண்ணுமில்ல.”

“வர்றப்ப நல்லாத்தானே பேசினா? நான்தான் வாய் ஓயாம கால் வலி கால் வலின்னு புலம்பிட்டேன். என்னைப் பாத்துக்கறதே வேலையா போயிடும்னு பயந்துட்டாளோ? என்னாலதான் போயிட்டாளாங்க?”

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். யாரிடமும் தோற்காத மனிதர், எந்தக் கேள்விக்கும் பதில் கைவசம் வைத்திருந்தவர்.

“இருக்கும்,” என்றார். “இனிமேலாவது வந்தவங்ககிட்ட புலம்பாத.”

“சரிங்க,” என்றாள். “இனி புலம்பல.”