ஐந்தாவது அர்த்தம்

சிதம்பரத்தில் என் வீட்டு மாடியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். பாடத்தில் 'ஷஸ்ஸேர்' என்ற சொல் வந்தால் வேட்டைக்காரன் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வேறு அர்த்தம் உண்டா என்று யாராவது கேட்டால், அகராதியைப் பார்த்துக்கொள் என்பேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

என் கணவர் கடலூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் அதே வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பிரெஞ்சும் கொஞ்சம் பேச வேண்டும் என்றார்கள். வாத்தியார் வீட்டிலேயே இருக்கிறாள், என்ன கவலை என்று சிரித்தார். சிரித்ததோடு சரி. பாடம் என்றாலே அவருக்கு ஒரு நாள் பல்வலி வரும், மறுநாள் அவசரமாக யாருக்காவது போன் பண்ண வேண்டியிருக்கும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சொல்லிக்கொடுத்த சொற்களைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷஸ்ஸேருக்கு ஐந்து அர்த்தம் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேட்டைக்காரன், வேகமாக நகரும் படையின் சிப்பாய், எதிரி விமானத்தைத் துரத்திச் சுடும் போர் விமானம், காளானும் ஒயினும் சேர்த்துச் செய்கிற குழம்பு என்று நான்கைச் சொன்னார். ஐந்தாவது வரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், நெஞ்சு ஏதோ எரியுது. செத்த படுத்துக்கிறேன்."

"நாடகம் போடாதீங்க. அஞ்சாவதைச் சொல்லிட்டுப் போய்ப் படுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார். நான் ஒரு குறிப்பும் கொடுக்காமல் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். நடுவில் துவைத்த துணிகளை மடித்து வைத்துவிட்டுக்கூட வந்தேன்.

கடைசியில் லேசாகச் சிரித்தார். "ஓட்டல்ல கூப்பிட்ட குரலுக்கு ஓடுறவன். லாட்ஜ்ல சேர்ந்தப்ப நான் பெட்டி தூக்குனேனே, அந்த வேலை. என் வேலையே எனக்கு மறந்துபோச்சு பாரு."

சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் போய்ப் படுத்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. கூப்பிட்டேன், பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்த அரை மணி நேரமும் அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், நான் போகச் சொல்வேன் என்று.